ரெயூனியனா, சென்னையா, டர்பனா, லண்டனா? எச்எஸ்சி முடித்த பிள்ளைக்கு எது பொருந்தும்

மொரீசியஸில் பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சியின் முடிவு வெளியாகும் ஜனவரி, பிப்ரவரியில் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். பக்கத்து வீட்டுப் பையன் பெர்த் போகிறான், சித்தப்பா மகள் லியோன் போகிறாள், நம்ம பிள்ளை எங்கே? தைப்பூசக் காவடியும் ஏறக்குறைய அதே சமயத்தில் வருவதால் கோயில் வாசலிலும் இதே கதைதான். "நல்லா மார்க் எடுத்திருக்கா, எங்க வேணும்னாலும் போகலாம்" என்று பெரியவர்கள் வாழ்த்திவிட்டுப் போவார்கள். வாழ்த்து சரி, விவரம்தான் சரியில்லை. மார்க் நன்றாக இருந்தும் எடுத்த பாடம் பொருந்தாமல் ஒரு நாடு கைவிட்டுப் போகும். பாடம் பொருந்தியும் முடிவு வந்த மாதம் ஒத்துவராமல் இன்னொன்று போகும். இரண்டும் சரியாக இருந்து, வங்கியில் இருக்கும் பணம் யார் பெயரில் என்ற கேள்வியில் விசா நிற்பதும் உண்டு.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளூரில் அந்தப் படிப்பு இருந்தால் முதல் பட்டத்தை இங்கேயே முடிக்கலாம். வெளிநாட்டை ஒரு செமஸ்டருக்கோ முதுகலைக்கோ வைத்துக்கொள்ளலாம். 2019 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ரெதுயியில் இருக்கும் மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளையை, அதே கணக்கியல் படிப்புக்காகக் கடன் வாங்கி மான்செஸ்டருக்கு அனுப்புவதற்கு வலுவான காரணம் ஏதாவது வேண்டும். கால்நடை மருத்துவம், விமானப் பொறியியல், கடலோர ஊரில் உட்கார்ந்து கற்க முடியாத ஏதோ ஒன்று என்றால் அது வேறு பேச்சு. ஆனால் போவதென்று முடிவாகிவிட்ட வீட்டுக்கு இந்த உபதேசம் உதவாது. அவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

கிரேடு 12-இல் எடுக்கும் பாடம்

உண்மையான முடிவு எச்எஸ்சி முடிந்தபின் எடுப்பதில்லை. கிரேடு 12-இல் சேரும்போது மூன்று முதன்மைப் பாடங்களுக்கு டிக் போடுகிறோமே, அங்கேயே பாதி நாடுகள் உள்ளே வந்துவிடும், பாதி வெளியே போய்விடும். கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் என்று எடுக்கும் பையன்கள் நிறையப் பேர். பிரிட்டனில் கணினிப் பொறியியலுக்கு இது அருமையான சேர்க்கை. இந்திய அரசின் ஐசிசிஆர் உதவித்தொகையில் பி.இ., பி.டெக். கேட்டால் இதுவே தடை. அங்கே பள்ளி இறுதியில் இயற்பியல், கணிதம், வேதியியல் மூன்றும் இருந்தாக வேண்டும் என்பது விதி. கணினியில் ஏ ஸ்டார் வாங்கியிருந்தாலும் வேதியியல் இல்லாத குறையை அது நிரப்பாது. அப்பா அம்மாவுக்கு இது தெரியவரும்போது பிள்ளை கிரேடு 13 முடித்திருக்கும்.

தமிழை முதன்மைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜ் ஏ லெவல் தமிழ், பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸின் புள்ளிக் கணக்கில் மற்றப் பாடங்களுக்குச் சமம்: ஏ என்றால் 48, ஏ ஸ்டார் என்றால் 56. "தமிழ் எடுத்தா வெளிநாட்டுல எடுபடாது" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. அதே நேரத்தில் மருத்துவமும் பொறியியலும் குறிப்பிட்ட பாடங்களைப் பெயர் சொல்லியே கேட்கும். அங்கே தமிழ் புள்ளி தரும், ஆனால் வேதியியலின் இடத்தில் உட்காராது. மூன்றாவது பாடமாகத் தமிழை வைக்க நினைப்பவர்கள் முதல் இரண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சரி.

இந்தியா: காலம் ஒத்துவரும், பாடம் முட்டும்

காலண்டரை வைத்துப் பார்த்தால் நமக்கு மிகவும் பொருந்தும் நாடு இந்தியாதான். எச்எஸ்சி முடிவு கைக்கு வந்தபின் ஐசிசிஆர் விண்ணப்பம். ஜூலை, ஆகஸ்டில் வகுப்பு. இடையில் அவசரமும் இல்லை, ஒரு வருடம் வீணாவதும் இல்லை.

ஐசிசிஆர் கேட்பது என்ன? இளங்கலை, முதுகலைக்கு வயது 18 முதல் 30. ஏ2ஏ என்று அழைக்கப்படும் இணைய வாயில் வழியாக ஐந்து பல்கலைக்கழகங்கள் வரை வரிசைப்படுத்தலாம். ஆங்கிலத்தில் 500 சொல் கட்டுரை ஒன்று எழுத வேண்டும். டோஃபலோ ஐஇஎல்டிஎஸ்ஸோ கட்டாயம் இல்லை என்பதால் அந்தக் கட்டுரையைத்தான் உங்கள் ஆங்கிலத்துக்குச் சாட்சியாகப் பார்ப்பார்கள். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் சாட்சி உங்களுக்கு எதிராகத் திரும்பும். கல்விக் கட்டணம் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். இளங்கலை மாணவருக்கு மாதம் 18,000 இந்திய ரூபாய், முதுகலைக்கு 20,000, வீட்டு வாடகை தனி. மருத்துவக் காப்பீட்டை நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

பலர் தவறவிடும் ஒரு விதியும் உண்டு. ஏற்கெனவே இந்தியாவில் படித்துக்கொண்டிருப்பவருக்கு ஐசிசிஆர் இல்லை. "இப்ப சொந்தக் காசுல சேர்ந்துடலாம், அடுத்த வருஷம் ஸ்காலர்ஷிப் போடலாம்" என்ற திட்டம் ஓடாது. எது வேண்டும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவம் ஐசிசிஆரில் வராது. எம்பிபிஎஸ் வேண்டுமென்றால் வெளிநாட்டு மாணவருக்கும் நீட் தேர்வு உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். நம் பிள்ளைகளுக்குக் கஷ்டம் வினாத்தாளின் பாணியில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் முறையில் விளக்கி எழுதிப் பழகிய கைக்கு, மூன்று மணி நேரத்தில் 180 கொள்குறி வினா என்பது வேறு விளையாட்டு. 2024-இல் நீட்டுக்கு அறிவித்த 14 வெளிநாட்டு நகரங்களில் போர்ட் லூயிஸ் இல்லை. துபாய்க்கோ சென்னைக்கோ போய் எழுத வேண்டும் என்ற செலவையும் கணக்கில் சேருங்கள்.

வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு நம் தேசிய தினத்துக்கு வந்தபோது, மொரீசியஸின் இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறை வரை ஓசிஐ பெறலாம் என்ற சிறப்பு ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அட்டை இருந்தால் மாணவர் விசா வேண்டாம், போலீஸ் பதிவுக்கு அலைய வேண்டாம். ஆனால் அது இந்தியக் குடிமகனின் இடத்தைத் தராது. நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளில் ஓசிஐக்காரர் வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டுக்கும் கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே போட்டியிடலாம் என்று 2021 மார்ச்சிலேயே இந்திய அரசு தெளிவாக்கிவிட்டது. அந்த இடங்களின் கட்டணம் தமிழ்நாட்டுப் பிள்ளை கட்டும் அரசுக் கட்டணம் அல்ல. அட்டை வந்தால் குறைந்த செலவில் மருத்துவம் படிக்கலாம் என்று கனவு காணும் குடும்பங்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

வம்சாவளிக்கு ஆதாரம் தேடுகிறவர்களுக்கு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலியாக வந்த பாட்டன் என்றால் எண்ணோடு பதிவு கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நம் தமிழர்களில் ஒரு பகுதியினரின் முன்னோர் அதற்கும் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து கொத்தர்களாகவும் தச்சர்களாகவும் வந்தவர்கள். அவர்களுக்கு அந்த எண் கிடையாது. பழைய நோட்டரி ஆவணங்களையும் பிறப்பு, திருமணப் பதிவுகளையும் பின்னோக்கித் துழாவ வேண்டும். செப்டம்பரில் ஆரம்பித்து ஜூலைக்குள் முடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

தமிழையே மேல்படிப்பாக எடுக்கிறவர்களுக்கு மட்டும் இந்த ஒப்பீடு தேவையே இல்லை. மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் இளங்கலை முடித்துவிட்டுச் சென்னைக்கோ மதுரைக்கோ தஞ்சைக்கோ எம்.ஏ.வுக்குப் போவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதல் மாதம் நம் பேச்சைக் கேட்டு அங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். இரண்டாவது செமஸ்டரில் நம் ஆட்களே அங்குள்ள ஸ்லாங்கைப் பேசிக்கொண்டு வருவார்கள்.

ரெயூனியனும் பிரான்சும்: முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பம்

விமானத்தில் ஏறி பெல்ட் போட்டுக் கழற்றுவதற்குள் வந்துவிடும், பிரான்சின் பகுதியான ரெயூனியன் தீவு. அங்கே செலவாகும் யூரோ, பாரிஸில் செலவாகும் அதே யூரோ. கிடைக்கும் பட்டமும் அதே பிரெஞ்சுப் பட்டம். 1982-இல் பல்கலைக்கழகமான அந்த நிறுவனத்தின் முக்கிய வளாகம் சென்-டெனியில் மூஃபியாவில் இருக்கிறது. வார இறுதியில் வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் நம் வீடுகளில் அதற்குப் பெரிய தகுதி. அதைக் கேலியாகச் சொல்லவில்லை. 18 வயதுப் பிள்ளையை முதன்முறை வெளியே அனுப்பும்போது தூரமும் ஒரு தகுதிதான்.

சிக்கல் காலத்தில். மொரீசியஸ் மாணவர்கள், வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அமைப்பான காம்பஸ் பிரான்ஸின் இணைய முறை வழியாகத்தான் போக வேண்டும். லிசான்ஸ் என்னும் பிரெஞ்சு இளங்கலையின் முதலாண்டுக்கான முன்சேர்க்கை விண்ணப்பம் அக்டோபர் 1-இல் தொடங்கி டிசம்பர் நடுப்பகுதியில் முடிந்துவிடும். எச்எஸ்சி எழுதிக்கொண்டிருக்கும்போதே, முடிவு தெரியாமல், பள்ளி மதிப்பெண்களை வைத்து விண்ணப்பிக்க வேண்டும் என்று அர்த்தம். பிப்ரவரியில் முடிவைப் பார்த்துவிட்டு "சரி, பிரான்ஸ் போகலாம்" என்று நினைக்கும் குடும்பத்துக்கு அந்த வருடத்துக்கான அந்த வாயில் மூடியிருக்கும். பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வான பாக்கலோரியா எழுதும் பிள்ளைகளுக்கு, அதாவது லீசே லா பூர்டொனே, லீசே தெ மஸ்காரேஞ் போன்ற பள்ளிகளில் படிப்பவர்களுக்கு, வழி வேறு. அவர்கள் விண்ணப்பிப்பது பிரான்சின் பார்கூர்சப் சேர்க்கைத் தளத்தில்.

மொழி விஷயத்தில் நம்மவர்களுக்கு ஓர் அதீத நம்பிக்கை உண்டு. தொலைக்காட்சி பிரெஞ்சில், கடைப் பேச்சு கிரியோலில், பிறகென்ன? பல்கலைக்கழகம் எதிர்பார்ப்பது பிரெஞ்சில் பி2 என்னும் மேல்-இடைநிலைத் தேர்ச்சி. பேசுவதில் நம் பிள்ளைகள் அதைத் தாண்டிவிடுவார்கள். எழுதுவதில்தான் வழுக்கும். பாடநூல் முழுவதும் ஆங்கிலத்தில் படித்து, ஆசிரியர் கிரியோலில் விளக்கி, தேர்வை ஆங்கிலத்தில் எழுதிய பிள்ளைக்கு, உயிரியலைப் பிரெஞ்சில் நான்கு பக்கம் எழுதச் சொன்னால் முதல் ஆறு மாதம் திணறல்தான். டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வை எழுதுவது சான்றிதழுக்காக மட்டும் அல்ல, அந்த ஆறு மாதத்துக்காகவும்.

பணக் கணக்கு பிரான்சில் மென்மையானது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2025-26 கல்வியாண்டில் லிசான்ஸுக்கு 2,895 யூரோ, மாஸ்டருக்கு 3,941 யூரோ. ஐரோப்பிய மாணவர் கட்டுவது 178-உம் 254-உம்தான். பல பல்கலைக்கழகங்கள் இந்த வேறுபாட்டைத் தள்ளுபடி செய்கின்றன. அதனால் இரண்டு ஊர்களுக்கு இடையில் தடுமாறும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி "தள்ளுபடி உண்டா?" என்பதுதான். விசாவுக்கு மாதம் 615 யூரோ, ஆண்டுக்கு 7,380 யூரோ காட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ 4 லட்சம். படிக்கும்போது ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். மொரீசியஸ் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம் என்பதை வைத்துக்கொண்டு "போய்ப் பார்த்துட்டு அங்கேயே மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். படிப்புக்கு நீண்டகால விசா இங்கிருந்தே வாங்கிப் போக வேண்டும், ரெயூனியனுக்கும்.

தென்னாப்பிரிக்கா, சட்டப்படி நம் வீட்டுப் பக்கம்

இந்தத் தேர்வை நம் குடும்பங்கள் ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகின்றன என்று எனக்குப் புரிவதில்லை. பாதுகாப்பு குறித்த பயம் ஒரு காரணம், அது நியாயமானதும்கூட. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்க வட்டார நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கின் நாடுகள் 1997-இல் கையெழுத்திட்ட கல்வி உடன்படிக்கைப்படி, உறுப்பு நாடுகளின் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் குறைந்தது 5 சதவீத இடம் வைக்க வேண்டும். கட்டணத்திலும் தங்குமிடத்திலும் அவர்களை உள்நாட்டு மாணவரைப் போல நடத்த வேண்டும். மொரீசியஸ் சாடெக் உறுப்பினர். கேப் டவுனில் ஒரு ஜெர்மன் மாணவர் கட்டும் சர்வதேசக் கட்டணம் நம் பிள்ளைக்கு இல்லை. அயல்நாட்டு மாணவர் என்பதற்காகச் சிறு நிர்வாகக் கட்டணம் மேலே வரலாம். ஆங்கில வழிக் கல்வி, உலகத் தரவரிசையில் வரும் பல்கலைக்கழகங்கள், இந்தக் கட்டணம்: கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தடை எங்கே என்றால், எச்எஸ்சி அங்கே நேராகச் செல்லாது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடமிருந்து மெட்ரிக் விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். எத்தனை பாடம், எந்த நிலையில், எத்தனை அமர்வில் என்று அவர்களுக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. உங்கள் சான்றிதழை அதோடு வைத்துப் பார்ப்பார்கள். படிப்பு விசாவுக்கு மருத்துவ அறிக்கை, போலீஸ் சான்று, கட்டணத்துக்கும் செலவுக்கும் ஆதாரம் எல்லாம் வேண்டும். மருத்துவக் காப்பீடு தென்னாப்பிரிக்காவில் பதிவுபெற்ற திட்டமாக இருக்க வேண்டும். இங்கே எடுத்த பாலிசியைக் கொண்டுபோய் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காலண்டர்தான் உண்மையான முட்டுக்கட்டை. அங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கிவிடும். குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் விண்ணப்பங்கள் டர்பனில் உள்ள பொது விண்ணப்ப மையம் வழியாக, வழக்கமாக முந்தைய செப்டம்பர் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். நம் முடிவு வரும் நேரத்தில் அங்கே வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருப்பார்கள். விலக்குச் சான்றிதழுக்கும் விசாவுக்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வருட இடைவெளி ஏறக்குறைய நிச்சயம். அந்த வருடத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, வேலையோ ஒரு சிறு படிப்போ பார்க்கிற பிள்ளைக்கு இது நல்ல தேர்வு. நண்பர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள், நான் மட்டும் வீட்டில் என்று முகம் வாடும் பிள்ளைக்கு அல்ல.

டர்பனைப் பொறுத்தவரை இன்னொன்று. 1860 முதல் அங்கே குடியேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் கோயிலும் காவடியும் நம்மைப் போலவே நடத்துகிறார்கள். மொழி பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஆனால் பண்டிகையன்று பிள்ளை தனியாக அறையில் உட்கார்ந்திருக்காது.

பிரிட்டன், ஆஸ்திரேலியா: பணம் பேசும் இடம்

பிரிட்டனில் நம் தேர்வு முறைக்கு ஒரு மறைமுகமான லாபம் உண்டு. யூகாஸ் முக்கியக் கெடு ஜனவரி நடுவில். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்கு அக்டோபர் 15. இங்கிலாந்துப் பிள்ளைகள் ஏ லெவல் முடிவுக்காக ஆகஸ்ட் வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். நம் பிள்ளைகளின் முடிவு பிப்ரவரிக்குள் கையில் இருக்கும். நிபந்தனையோடு கிடைத்த இடம் உறுதியாகிவிட்டால், விசாவுக்கும் பணத்துக்கும் ஆறு மாத அவகாசம். ஆங்கிலத்துக்கு எஸ்சி (கிரேடு 11 தேர்வு), எச்எஸ்சி மதிப்பெண்ணையே பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும். பிரிட்டன் உள்துறை வைத்திருக்கும் "ஆங்கிலம் பேசும் நாடுகள்" பட்டியலில் மொரீசியஸ் இல்லாததால், பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகமே உங்கள் ஆங்கிலத்துக்குப் பொறுப்பேற்று உறுதி தர வேண்டும். விண்ணப்பிக்கும்போதே அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு பணம். 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு, ஒன்பது மாதத்துக்குக் கையிருப்பு வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தில் செலுத்தாத பாக்கி அதற்கு மேல். சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, படிப்பு முழுமைக்கும் முன்கூட்டியே. அந்தப் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. படித்து முடித்தபின் வேலை தேடத் தங்கும் காலம் இதுவரை இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். இப்போது மூன்றாண்டுப் படிப்பில் சேரும் பிள்ளைக்கு இந்தக் குறைந்த காலம்தான் கிடைக்கும். "அங்கே சம்பாதித்துக் கடனை அடைப்பான்" என்ற கணக்கைத் திருத்தி எழுதுங்கள்.

ஆஸ்திரேலியா இதைவிடக் கனம். விசாக் கட்டணம் மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர், மறுத்தாலும் திரும்பாது. வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும். நம் பணத்தில் 9 லட்சத்தை ஒட்டி. 2024 மார்ச் முதல் "உண்மையான மாணவர்தானா" என்று பார்க்கும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்: ஏன் இந்தப் படிப்பு, ஏன் இங்கே, ஊரில் என்ன பிடிப்பு. ஏஜென்ட் எழுதிக் கொடுத்த ஒரே பதிலைப் பத்துப் பேர் அனுப்பினால் அதிகாரிக்குத் தெரியாமல் போகாது. ஜூலை சேர்க்கை நம் காலத்துக்கு ஒத்துவரும் என்பது ஒரு நன்மை. பெர்த்தில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. ஆனால் அத்தையோ மாமாவோ அங்கே இருப்பது தங்குமிடத்துக்கு உதவும், தகுதிக்கு உதவாது.

பணம் யார் கணக்கில்

நம் குடும்பங்களில் படிப்புக்குப் பணம் சேர்வது ஒரு தனிக் கலை. அப்பா கொஞ்சம், தாய்மாமா கொஞ்சம், பாட்டியின் நிலத்தில் ஒரு துண்டு. இந்த அன்பு பிரிட்டன் விசா அதிகாரியிடம் செல்லாது. அங்கே பணம் மாணவர் பெயரிலோ, பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ இருக்க வேண்டும். பெற்றோர் என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் சேர்த்து. மாமா கணக்கில் எவ்வளவு இருந்தாலும் பூஜ்யம்தான். அவர் உதவுவதென்றால் விண்ணப்பத்துக்குச் சில மாதம் முன்பே அப்பா கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் மொத்தமாக வந்து விழும் தொகை 28 நாள் கணக்கையும் கெடுக்கும், சந்தேகத்தையும் கிளப்பும். பிரான்ஸ் இதில் தாராளம். பொறுப்பேற்கும் ஒருவர் கடிதமும் அடையாளச் சான்றும் சம்பளச் சீட்டும் கொடுத்தால் கருத்தில் கொள்ளும். ஐசிசிஆர் கிடைத்த பிள்ளைக்கு இந்தத் தலைவலியே குறைவு. பணம் கூட்டுக் குடும்பத்தில் சிதறிக் கிடக்கும் வீடுகள், மார்க்கைவிட முதலில் இந்தப் பத்தியை வைத்து நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் யோசனை.

ஒரு செமஸ்டர் மட்டும் போய்வருவது

இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், யாரும் கேட்பதில்லை. ரெதுயியிலோ மஸ்காரேஞ் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளை, தன் பல்கலைக்கழகத்துக்கு ஒப்பந்தம் உள்ள வெளிநாட்டு நிறுவனத்தில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வரலாம். ஐரோப்பாவின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் படிப்புக்காகப் போக, குறைந்தது பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்க வேண்டும். இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை தங்கலாம். போகும் இடத்தில் கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் உண்டு. தனியாக விண்ணப்பிக்க முடியாது. நம் பல்கலைக்கழகம்தான் பெயர் கொடுக்க வேண்டும். அதனால் முதலாண்டு மதிப்பெண்தான் தகுதிச் சீட்டு. "முதல் வருஷம் பாஸ் ஆனா போதும்" என்று சுற்றிய பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டில் விளம்பரம் வரும்போது சேர வழி இருக்காது.

போவதற்கு முன் ஒரே ஒரு தாளில் கவனம் வேண்டும்: அங்கே எந்தப் பாடங்களைப் படிக்கிறோம், இங்கே எவற்றுக்கு ஈடாகக் கணக்கில் சேரும் என்று இரண்டு பல்கலைக்கழகமும் கையெழுத்திடும் ஒப்பந்தம். அது சரியாக இல்லாவிட்டால் பாரிஸில் ஈஃபில் கோபுரத்தோடு படம் எடுத்துவிட்டு வந்து, இங்கே அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பட்டம் என்ற நடுவழியும் இருக்கிறது. மோக்காவில் ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகம், காஸ்கவெல் பக்கம் பிரிட்டனின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகம். தொடக்கத்தை இங்கே படித்துவிட்டுத் தாய் வளாகத்துக்கு மாறும் வாய்ப்பு இருப்பதால் விமானச் செலவையும் வாடகையையும் ஓரிரு ஆண்டு தள்ளிப்போடலாம். ஆனால் மாறும் அன்று மேலே சொன்ன அத்தனை விசா விதியும் அப்படியே வந்து நிற்கும்.

முதல் பட்டம் இங்கே முடித்து, இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர்களுக்குப் பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை இருக்கிறது. 2,800 மணி நேர வேலை அனுபவம், ஓராண்டு முதுகலை, எல்லாச் செலவும் அவர்களுடையது. முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். நம் ஊரில் வேலை பார்க்க விரும்பும் பிள்ளைக்கு இந்த நிபந்தனை ஒரு சுமையே இல்லை.

எந்த நாடானாலும் சேர்வதற்கு முன் உயர்கல்வி ஆணையத்திடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் படிப்பின் சரியான பெயரையும் எழுதி, இங்கே அங்கீகாரம் உண்டா என்று கேட்டு, பதிலைக் காகிதமாக வாங்கி வையுங்கள். மருத்துவம், பல் மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களுக்கு அந்தந்த கவுன்சிலிடமும் தனியாகக் கேட்க வேண்டும். பட்டம் அங்கீகாரம் பெற்றதாக இருந்தாலும் பதிவுக்கு அவர்கள் வைக்கும் நிபந்தனை வேறு. ஏஜென்ட் "எல்லாம் ஓகே" என்று வாயால் சொன்னதை எந்த அலுவலகமும் ஏற்காது.